பிளஸுக்கு ஒரு சுறுசுறுப்பான டிஸ்க்

என்னிடம் ஒரு மெக்கின்டாஷ் பிளஸ் இருக்கிறது. 1986 ஜனவரியில் வெளிவந்த மாடல். அன்றைக்கு அதன் விலை 2,599 டாலர். எனக்குக் கிடைத்ததோ, யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்ற விலைக்கு. நான் குடியிருக்கும் ஃப்ரீமாண்ட்டில்தான் அந்தக் காலத்தில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் தொழிற்சாலை இருந்தது. ஆக, அது பிறந்த ஊரிலேயே வயதான காலத்தைக் கழிக்கிறது. பிழைக்க வந்தவன் நான்தான்.

பிளஸுக்குள் ஃபேன் கிடையாது, ஹார்ட் டிஸ்க்கும் கிடையாது. 800 கிலோபைட் ஃபிளாப்பிதான் கதி. ஒரு ஃபிளாப்பியிலிருந்து இன்னொன்றுக்கு எதையாவது காப்பி செய்யச் சொன்னால், உள்ளே இருப்பதைத் தானாகவே துப்பிவிட்டு, மற்றதைக் கொடு என்று கேட்கும். கொடுத்தால் அதையும் துப்பிவிட்டு, முதலில் துப்பியதைக் கேட்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்து எடுத்துக் கொடுப்பதை ஒரு மாலை முழுக்கக் கவனித்த என் மனைவி, “ஏங்க, இதை நீங்க வேலை வாங்குறீங்களா, இது உங்களை வாங்குதா?” என்றாள்.

அன்றுதான் வெளியிலிருந்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். வாங்குவதுதான் வாங்குகிறோம், வேகமானதாக வாங்குவோம்.

ஆப்பிளே 1985இல் ‘ஹார்ட் டிஸ்க் 20’ என்று ஒன்றை விற்றது. 20 மெகாபைட், 1,495 டாலர். அது ஃபிளாப்பி போடும் வாசல் வழியாகவே தரவை அனுப்பும். வேகத்துக்கும் அதற்கும் வெகு தூரம். மெக்கின்டாஷ்களில் பிளஸில்தான் முதன்முதலாக, அதைவிட வேகமான ஸ்கஸி என்ற வாசலை வைத்தார்கள். எனவே ஸ்கஸி டிஸ்க்தான் வேண்டும் என்று பழைய எலெக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போனேன். அங்கே ஒருவர் நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும் டிஸ்க் ஒன்றை, குழந்தையைப் போல இரண்டு கையாலும் எடுத்துக் காட்டினார். அந்த வேகத்தை முதலில் எட்டியது 1996இல் வந்த சீகேட் சீட்டா என்ற வரலாற்றையும் இலவசமாகச் சொன்னார். பர்ஸைத் திறக்கப் போனேன். கூட வந்த நெல்லைக்கார நண்பர் கையைப் பிடித்துக்கொண்டார். டிஸ்க் கம்பெனிகளிலேயே தலை நரைத்தவர் அவர்.

“அது சுத்தும்வே. உம்ம மிஷின் வாங்கணுமுல்லா?”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாடம் நடந்தது. டிஸ்க்கும் கணினியும் கைகோத்துக்கொண்டு தரவைப் பரிமாறிக்கொள்வதற்கான வன்பொருள் ஏற்பாடு பிளஸில் இல்லை. பிழையில்லாமல் வாங்க வேண்டுமென்றால் பிராசஸர் ஒவ்வொரு பைட்டுக்கும், ‘வந்துவிட்டதா?’ என்று தானே விசாரிக்க வேண்டும். வந்ததும் வாங்கி வைத்துவிட்டு, ‘அடுத்தது வந்துவிட்டதா?’ அந்த பிராசஸரின் வேகம் 7.8 மெகாஹெர்ட்ஸ். எதிரே எவ்வளவு வேகமான டிஸ்க் நின்றாலும் விநாடிக்குச் சில நூறு கிலோபைட்டுக்கு மேல் உள்ளே இறங்காது.

இதைவிட வேடிக்கை, அந்தக் கால டிஸ்க்குகளை ஃபார்மட் செய்த விதம். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரர் ஓட்டமாக ஓடுகிறார். நாம் சோற்றில் குழி பறித்து நிமிர்வதற்குள் நம் இலையைத் தாண்டிவிட்டார். இனி மொத்தப் பந்தியையும் ஒரு சுற்று சுற்றித்தான் திரும்பி வருவார். நிமிடத்துக்கு 3,600 முறை சுழலும் டிஸ்க்கிலும் இதே நிலைமைதான். பிளஸ் ஒரு துண்டைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த துண்டு நழுவிப் போயிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு 512 பைட் துண்டு கிடைத்தால், விநாடிக்கு 30 கிலோபைட்தான் தேறும். அதனால் ஆப்பிள் அடுத்தடுத்த துண்டுகளை இடைவெளி விட்டு வைத்தது: பிளஸுக்கு மூன்று இடத்துக்கு ஒரு துண்டு, எஸ்இ மாடலுக்கு இரண்டுக்கு ஒன்று, மெக்கின்டாஷ் 2-க்கு மட்டும் வரிசையாக. பெரிய மெஷினுக்காக வேகமாக ஃபார்மட் செய்த டிஸ்க்கைக் கொண்டுவந்து பிளஸில் மாட்டினால், பிளஸ் முன்னைவிட மந்தமாகிவிடும். பிற்பாடு வந்த டிஸ்க்குகள் ஒரு சுற்றையே நினைவில் வைத்துக்கொள்ளப் பழகியதால் இந்தக் கவலை ஒழிந்தது. பிளஸ் மட்டும் திருந்தவில்லை.

“அப்போ பழைய டிஸ்க்கே வாங்கிரவா?” என்றேன். பழைய டிஸ்க் என்றாலே நண்பருக்கு மினிஸ்கிரைப் கதை வந்துவிடும். கொலராடோவில் இருந்த டிஸ்க் கம்பெனி அது. கையிருப்புக் கணக்கு உதைத்ததால் 1987இல் அட்டைப்பெட்டிகளில் செங்கல்லை அடைத்து, ஹார்ட் டிஸ்க் என்று கணக்கில் காட்டினார்கள். 1990இல் திவால். என்னைக் கேட்டால், முப்பது வருஷம் கழித்தும் வாங்கிய நாள்போலவே இருக்கும் ஒரே டிஸ்க் அந்தச் செங்கல்தான். மற்றவற்றில் பலவும் உள்ளே ரப்பர் இளகி, தலை ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் தட்டினால்தான் சுழலத் தொடங்கும்.

கடைசியில் வாங்கியது டிஸ்க்கே இல்லை. எஸ்டி கார்டைச் செருகிக்கொண்டு, பிளஸிடம் ‘நான்தான் ஸ்கஸி டிஸ்க்’ என்று சாதிக்கும் சின்ன சர்க்யூட் போர்டு. பிளஸ் நம்பிவிட்டது. 2 ஜிபியை ஒரே வால்யூமாக வைத்தேன். மனைவி ஆசையாக வந்து ஒற்றை எழுத்தைத் தட்டிச் சேமித்தாள். அது டிஸ்க்கில் 32 கிலோபைட் இடத்தை அடைத்துக்கொண்டது. ஒரு வால்யூமை 65 ஆயிரத்துச் சொச்சம் கட்டங்களாக மட்டுமே பிரிக்கத் தெரிந்த கோப்பு முறை அது. இடம் பெருகப் பெருகக் கட்டமும் பெருக்கும். இத்தனைக்கும் 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷின் மொத்த நினைவகமே 128 கிலோபைட்.

“எழுத்துக்கே இவ்வளவுன்னா மளிகை லிஸ்ட் எழுதினா வீடு பத்தாதுங்க” என்று எழுந்து போய்விட்டாள். அப்புறம் வால்யூமைச் சின்னச் சின்னதாகப் பிரித்துவிட்டேன்.

இப்போது பிளஸ் தடையில்லாமல் திறக்கிறது. ஆனால் சத்தமே இல்லை. ஃபேன் இல்லாத மெஷினில் சுழலாத டிஸ்க்; வேலை செய்கிறதா, உறைந்துவிட்டதா என்று திரையை உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. இதற்கும் மருந்து இருக்கிறதாம். டிஸ்க் விளக்கு மின்னும்போதெல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க் போல டிக் டிக் என்று ஒலிக்கும் ஒரு குட்டிப் பெட்டி விற்கிறார்கள். நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“வாங்கும்வே. டிக் டிக்காவது வேகமா கேக்கட்டும்.”