சித்தப்பாவின் நம்பர் ஒன்

கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும் நேரத்தில் ‘ஆர்சன் வெல்ஸ்’ என்ற பெயர் காதில் விழுந்தால் பதற வேண்டாம். பக்கத்து இலையில் ஒரு சினிமா சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அறுபதைத் தாண்டியவர். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். இளமையில் ஃபிலிம் சொசைட்டிப் பக்கம் ஒதுங்கியவர். உலகத்திலேயே சிறந்த படம் எது என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ விமர்சகர்கள் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்ற இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவார்.

“ஆர்சன் வெல்ஸோட சிட்டிசன் கேன்ல அப்படி என்னங்க இருக்கு? சாகும்போது ‘ரோஸ்பட்’டுங்கிறான். கடைசியில பாத்தா அது சின்ன வயசுல வெச்சு விளையாடின சறுக்குவண்டி! இதுக்கு ரெண்டு மணி நேரம்!”

அந்தப் படத்தைப் பார்த்திராத, பார்க்கும் உத்தேசமும் இல்லாத பெண் வீட்டு மாமாவுக்கு மோர் வருவதற்குள் முடிவு தெரிந்துவிடும். 1941-ஆம் வருஷத்தின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை இந்தக் கேன் வாங்கவில்லை, ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’தான் வாங்கியது என்ற தகவலும் கூடவே வரும். “அன்னிக்கு ஒதுக்கினவன் இன்னிக்குத் தலையில தூக்கி வெக்கிறான். இவனுங்க பேச்சை நம்பலாமா?” ஆஸ்கருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் வேறு, விமர்சகர்கள் வேறு. நியூயார்க் விமர்சகர்கள் அந்த வருஷமே கேனுக்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள். இதைச் சித்தப்பாவிடம் எடுத்துச் சொன்னால் உங்கள் பாயசம் ஆறிப்போகும்.

அவருக்கு ஜென்ம விரோதி ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற லண்டன் பத்திரிகை. 1952 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஓட்டு வாங்கிச் சிறந்த படங்களின் பட்டியல் போடுகிறார்கள். மகாமகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ரெண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிடும். முதல் தடவை டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ முதலிடம் பிடித்தது. 1962-இலிருந்து 2002 வரை ஐந்து தடவையும் சிட்டிசன் கேன்தான். சித்தப்பா கல்லூரி படித்த காலம் முழுக்கக் கேனின் ராஜ்ஜியம். அதனால் சித்தப்பா சைக்கிள் கட்சி. “ஒரு சைக்கிள் காணாமப் போனா ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடுது பாரு, அதுடா படம்!”

2012-இல் அவர் முப்பது வருஷமாகக் கேட்டது நடந்தது. 846 பேர் ஓட்டுப் போட்டதில் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 191 ஓட்டும் கேன் 157 ஓட்டும் வாங்கின. கேன் இறங்கிவிட்டது. சித்தப்பா மிட்டாய் கொடுத்திருக்க வேண்டும். துக்கம் விசாரிக்கப் போகிறவர் மாதிரி வீட்டுக்கு வந்தார். “இருபத்தஞ்சு வயசுப் பையன் எடுத்த படம்டா அது! அதைப் போய் இறக்கிட்டானுங்களே, பாவிங்க!” அடுத்த பத்து வருஷமும் வெர்டிகோவுக்கு அர்ச்சனை நடந்தது. “மாடிப்படி ஏற முடியாத போலீஸ்காரன் கதை”தான் அவருடைய முழு விமர்சனம். 2022-இல் வெர்டிகோ இரண்டாம் இடத்துக்கு இறங்கிய மறுநாளே ஹிட்ச்காக்குக்கு இழைக்கப்பட்ட அநீதி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆக, அவருக்கும் ஒரு நிலையான கொள்கை உண்டு. நேற்று இறக்கப்பட்ட படம்தான் சிறந்த படம்.

அவர் கோபமெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் மேல்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டது. விகடன் அள்ளிக் கொடுத்த மார்க் அதுதான். சித்தப்பாவின் ஆட்சேபம் அந்த அரை மார்க்கைப் பற்றி. “அறுபத்திரண்டு சரி, அறுபத்திமூணும் சரி. அரை எதுக்குப் போட்டான்? மயிலுக்கா, சப்பாணிக்கா, பரட்டைக்கா?” நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, கணக்கு இன்னும் முடியவில்லை. 2005-இல் டைம் பத்திரிகை தன்னுடைய எல்லாக் காலத்துக்குமான 100 படங்களில் ‘நாயக’னைச் சேர்த்தபோது ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பிறகு என்ன தோன்றியதோ, “காட்ஃபாதர் பாத்தவனுக்கு இதுல புதுசா என்ன இருக்கு?” என்று ஆரம்பித்துவிட்டார்.

‘அன்பே சிவம்’ கதை இதைவிட வருத்தமானது. 2003 பொங்கலுக்கு வந்து ஓடாமல் போனபோது அந்தப் படத்துக்காகத் தெருவில் நின்று வாதாடியவர் சித்தப்பா. பிறகு டி.வி.யில் போட்டுப் போட்டு ஊரே அதைக் கொண்டாட ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் பையன்கூட “அங்கிள், அன்பே சிவம் மாஸ்டர்பீஸ்” என்றான். அன்றோடு கைவிட்டுவிட்டார். கேட்டால், “பிரச்சாரம் கொஞ்சம் ஜாஸ்திடா” என்கிறார்.

விமர்சகர்களை மக்களின் பெயரால் திட்டுவார். மக்கள் ஓட்டில் ‘ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்’ முன்னால் நிற்கிறதே என்றால், கலையின் பெயரால் மக்களைத் திட்டுவார்.

2022-இல் 1,639 பேர் ஓட்டுப் போட்டு முதலிடத்துக்குக் கொண்டுவந்த படம், ஷாந்தால் அகெர்மன் என்ற பெல்ஜியத்துப் பெண் இயக்குநர் 1975-இல் எடுத்த ‘ழான் தீல்மன், 23, கே டு காமர்ஸ், 1080 பிரஸ்ஸல்ஸ்’. பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. பெயரைக் கேட்டதுமே சித்தப்பா கிளம்பிவிட்டார். “படத்துக்குப் பேரு வெச்சாங்களா, பத்திரிகை அனுப்ப விலாசம் எழுதினாங்களா? பின்கோடு வரைக்கும் இருக்கு!” பார்க்காமல் திட்டுவது தர்மமில்லை என்பதால் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ராத்திரி ஒன்பதரைக்குப் படம் ஆரம்பித்தது. ஓடும் நேரம் 201 நிமிஷம். ஒரு விதவைத் தாய் மூன்று நாள் வீட்டு வேலை செய்கிறாள். சமையல், பாத்திரம், ஷூ பாலிஷ், கடை. மத்தியானத்தில் ஆண்கள் வந்து பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அதையும் ஒரு வேலையாகவே முடிக்கிறாள். பின்னணி இசை கிடையாது. கேமரா வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிறது. மகன் வந்து சூப் குடிக்க உட்கார்ந்தபோது சித்தப்பாவின் குறட்டை தொடங்கியது.

டம்ளரை எடுக்க வந்த சித்தி அப்படியே நின்றுவிட்டார்.

“ஒவ்வொரு ரூம்ல இருந்து வர்றப்பவும் லைட்டை அணைச்சிட்டு வர்றா பாரேன். இவருக்கு என்னிக்காவது அந்தப் புத்தி வந்திருக்கா?”

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் பணத்தைச் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் மூடி போட்ட பாத்திரத்தில் வைப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். சித்தியின் பணம் உளுந்து டப்பாவில். இரண்டாவது நாள், வந்தவனை அனுப்பிவிட்டு அவள் அந்தப் பாத்திரத்தை மூட மறந்தாள். “மூடி! மூடி!” என்று சித்தி டி.வி.யைப் பார்த்துக் கத்தினார். சித்தப்பா புரண்டு படுத்தார். அடுப்பில் உருளைக்கிழங்கு குழைந்துபோயிற்று. பானையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அவள் வீட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் அலைகிறாள். சித்தி எழுந்து நின்றுவிட்டார்.

“இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுடா. கை தப்பிடுச்சு. இனிமே இவளுக்கு எதுவும் சரியா வராது பாரு.”

மூன்றாம் நாள் காபி சரியாக அமையவில்லை. கொட்டிவிட்டு மறுபடி போடுகிறாள். அதுவும் சரியில்லை. சித்தி பேசவே இல்லை. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பது அந்தக் கிழங்கைப் பற்றித்தான் என்று நான் சொல்லவும் இல்லை. மணி ஒன்றை நெருங்கியபோது படம் முடிந்தது. “எல்லாம் சரி, ஒரு பாட்டாவது வெச்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். கடைசியில் என்ன நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். சித்தப்பா சொல்லியிருப்பார். அவர் தூங்கிவிட்டதால் இந்த ஒரு படத்தின் முடிவு மட்டும் எங்கள் உறவு வட்டத்தில் இன்னும் வெளியே கசியாமல் இருக்கிறது.

காலையில் தீர்ப்பு வந்தது. “உருளைக்கிழங்கு உரிக்கிறா. அவ்வளவுதான் படம்.”

“ரெண்டாம் நாள் கிழங்கு குழைஞ்சிடுச்சே, அதைப் பாத்தீங்களா?” என்றார் சித்தி, காபியை நீட்டியபடி.

“எந்தக் கிழங்கு?”

போன தீபாவளிக்குத்தான் அவருடைய உண்மையான நம்பர் ஒன்னைக் கறந்தேன். 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. கண்ணில் தண்ணீர் வரப் பேசினார். “வாசிச்சது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி. ஆனா சிவாஜியோட கன்னம் உப்புறதையும் கழுத்து நரம்பு புடைக்கிறதையும் பாத்தா, நாதஸ்வரத்தை அவர் கையில இருந்து பிடுங்கினாலும் சத்தம் நிக்காதுன்னு தோணும்டா. பாலையாவோட தவில், நாகேஷ் வைத்தி, மனோரமா ஜில் ஜில் ரமாமணி. அந்த 1,639 பேர்ல ஒருத்தனாவது இதைப் பாத்திருப்பானா?” நியாயமான கேள்விதான். அந்தப் பட்டியலின் முதல் நூறில் இருக்கும் ஒரே இந்தியப் படம் ‘பதேர் பாஞ்சாலி’, அதுவும் 35-ஆவது இடத்தில். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி என்று எனக்குப் பட்டது.

“உண்மைதான் சித்தப்பா. தில்லானாதான் நம்பர் ஒன்” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார். “அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாதுடா. அதே ஏ.பி. நாகராஜன்தானே திருவிளையாடலும் எடுத்தார்? ரெண்டாம் பாதியில தில்லானா கொஞ்சம் இழுக்கும்” என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். பெரியப்பாவாகவோ மாமாவாகவோ கூட இருக்கலாம். அடுத்த பட்டியல் 2032-இல் வரவேண்டும். அதுவரை அவரோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், தப்பித்தவறியும் ஒத்துக்கொண்டுவிடாதீர்கள்.