பாலை பழுக்கட்டும்

கேள்வி: பாலைப்பழக் காலத்தில் வில்பத்து தேசியப் பூங்காவுக்கு வழிகாட்டி வேலைக்குப் போகப் போகிறேன். ஆசையில் இரவில் தூக்கமே வருவதில்லை. அதுவரை என்ன செய்யலாம்?
– இளைஞர், கனமூலை

பதில்: வனத்தில் வேலை விடியும் முன்பே தொடங்கும் தம்பி, விழித்திருக்க இப்போதே பழகுவது நல்லதுதான். பாலை மரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணவும் பழகிக்கொள்ளுங்கள். மே முதல் ஜூலை வரை அது பழுக்கும். தின்றால் உதடு பிசுபிசுக்கும் அந்தப் பழத்துக்காகக் கரடி மரமேறும். மரம் தெரிந்தவருக்குக் கரடியும் தெரியும்.

கேள்வி: சிறுத்தை இருக்கிற காடென்று உம்மா பயப்படுகிறார்.

பதில்: காட்டோரத்து மக்களைக் கேளுங்கள், சிறுத்தையைவிடக் கரடிக்குத்தான் அஞ்சுவார்கள். அதற்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. பக்கத்தில் திடீரென்று ஆளைக் கண்டால் மிரண்டு பாய்ந்துவிடும். அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் ஜீப்பைவிட்டு இறங்கமாட்டேன் என்று உம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். பூங்காவின் சட்டமும் அதுதான்.

கேள்வி: 'வில்லு' என்கிறார்களே, அம்பு விடுகிற வில்லா என்று வாப்பா கேட்கிறார்.

பதில்: அம்பில்லாத வில்லு! மழைநீர் தேங்கி நிற்கிற இயற்கைப் பள்ளம். வெயில் ஏற ஏற நீர் சுருங்கும், புள்ளிமான்கள் கரையில் கூடும். மான் கூடுகிற இடத்தைச் சிறுத்தை மறப்பதில்லை. வாப்பாவையும் ஒருநாள் கூட்டிப் போங்கள். 1938இல் தேசியப் பூங்காவான வில்பத்து, போரினால் 1988இல் மூடப்பட்டு 2003இல் திறந்தது. 2006இல் திரும்பவும் மூடப்பட்டு, 2010இல்தான் திறந்தது. அவர் வயதுக்காரர் பலருக்கு இளமையில் பார்க்கக் கிடைக்காத காடு அது.

கேள்வி: சிறுத்தை கண்ணில் படாவிட்டால் வந்தவர்கள் கோபிப்பார்களே?

பதில்: முகம் வாடும்தான். அதற்காகச் சாரதியை விரட்டி, தூசி கிளப்பி, பத்து ஜீப்புகளோடு மிருகத்தைச் சுற்றி வளைக்கவேண்டாம். வழியில் பதிந்த கால்தடத்தைக் காட்டுங்கள், மான் ஏன் கத்துகிறது என்று சொல்லுங்கள். பாதை நடுவே யானை நின்றால், அது போகும்வரை எல்லோரையும் பேசாமல் இருக்க வையுங்கள். ஊருக்குப் போய் அவர்கள் அந்தக் காத்திருப்பைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு வில்பத்துவில் பிடித்தது குதிரைமலை. அத்தனை நேரம் காட்டுக்குள் வந்தவர்களுக்கு முன்னால் சட்டென்று கடல் விரியும். அங்கே நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: தண்ணீர், தொப்பி, தொலைநோக்கி. வரும்போது பாலைப்பழம் கொண்டுவரவேண்டாம். அது கரடியின் பங்கு.