தண்ணி கலந்த வீடியோ

யூடியூப்பில் கடினமான கார்டியோ வீடியோ தேடப் போனால், உலகத்தில் சுலபமான கார்டியோ வீடியோ ஒன்றுகூட இல்லை என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்லாத் தலைப்பிலும் தீ எரியும். கொலைகாரப் பயிற்சி, வெறித்தனப் பயிற்சி, அழ வைக்கும் பயிற்சி, முடித்துக் காட்டு பார்க்கலாம் பயிற்சி. அட்டைப் படத்தில் ஒரு பெண் அந்தரத்தில் தொங்குவாள். தலைமுடி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், முகத்தில் மட்டும் கல்யாண ஆல்பச் சிரிப்பு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி இவற்றைப் பார்வையிட்டு, 'நாளைக்கு' என்று ஒவ்வொன்றாகச் சேமித்து வைப்பதில் இருக்கிற சுகமே தனி. என் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை செய்து முடித்தால் நான் ஒலிம்பிக்கிற்கே போகலாம்.

சிடாம் கிரியில் குடியிருந்துகொண்டு எதற்கு வீட்டுக்குள் குதிக்கிறாய், வெளியே காற்றாட ஓடவேண்டியதுதானே என்று சுங்கைப் பட்டாணியில் இருக்கும் மச்சான் கேட்பார். ஓடலாம்தான். காலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும், லாரிக்குப் பின்னால் நாய்கள் ஓடும், நாய்களுக்கு முன்னால் நாம் ஓடலாம். சாயங்காலம் ஜெராய் மலைப் பக்கம் கறுத்தால் அரை மணியில் மழை. மழை இல்லாத நாளில் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "என்னய்யா, பஸ்ஸ விட்டுட்டியா? ஏறு, மோட்டர்ல கொண்டுபோய் விடுறேன்" என்பார். இரண்டாவது சுற்றிலும் அதையே கேட்பார். அவர் மனம் நோகக்கூடாதே என்று ஒரு நாள் ஏறி உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

ஆனால் என்னை வீட்டுக்குள் தள்ளியது நாயும் இல்லை, பெரியவரும் இல்லை. 2020 மார்ச் 18. மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். வீட்டுக்கு ஒருவர் மட்டும் சாமான் வாங்க வெளியே போகலாம். ஓட்டப் பயிற்சிக்குப் போனவர்களை போலீஸ் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தியதெல்லாம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை திடலில் ஒலிபெருக்கி வைத்து ஆடும் செனாம்ரோபிக்கும் நின்றுபோனது. இங்கிலாந்தில் ஜோ விக்ஸ் என்பவர் தன் வீட்டு வரவேற்பறையிலிருந்து அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் உடற்பயிற்சி வாத்தியார் ஆனார். புருனையில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய குளோயி திங்கின் இரண்டு வாரச் சவாலை உலகமே செய்தது. எங்கள் வீட்டில் என் மகள் செய்தாள். நான் சோபாவிலிருந்து ஊக்கம் கொடுத்தேன்.

அதற்குள் கிளினிக்கில் டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்தார். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் இருவரில் ஒருவருக்கு எடை அதிகம், கிட்டத்தட்ட ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர். நம் இனத்தில் அது ஏறக்குறைய மூவரில் ஒருவர். எங்கள் வீட்டுச் சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்தால் மற்ற இருவரும் என்னைத்தான் பார்ப்பார்கள். "நடந்தா மட்டும் பத்தாது, கொஞ்சம் மூச்சு வாங்கணும்" என்றார் டாக்டர். அன்றிரவுதான் தேடல் தொடங்கியது.

இங்கேதான் அம்மாவைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரையில் இறங்கி, மரத்துக்கு மரம் குனிந்து கோடு போட்டவர். ஒரு நிரைக்கு ஐந்நூறு மரம் சாதாரணம். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் எல்லாம் விறுவிறு. அப்புறம் வந்த வழியே திரும்பி, பால் வடிந்து நிற்கும் மங்கு மங்காக எடுத்து வாளிகளில் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்கிப் போக வேண்டும். நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதும் கிராணி மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையைப் பாலில் விடுவார். ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும். எடை கூடட்டும் என்று யாராவது ஆற்றுத் தண்ணீரைச் சேர்த்திருந்தால் அவ்வளவு பேர் முன்னாலும் மானம் போகும்.

நான் டிவி முன்னால் முதல் வீடியோவைப் போட்டபோது அம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பெண் முப்பது நிமிடமும் இடைவிடாமல் குதித்தபடி, இடைவிடாமல் பேசினாள். தன் நாய்க்குட்டியைப் பற்றி, தான் குடிக்கும் பழச்சாற்றைப் பற்றி, நம்மால் முடியும் என்பதைப் பற்றி. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவளுக்கு ஏன்டா மூச்சு வாங்கல?"

"பழக்கம்மா."

"பழக்கம் இல்ல. தண்ணி கலந்திருக்கு."

அன்று முதல் எங்கள் வீட்டில் வீடியோ தேர்வுக் குழுவின் தலைவர் அம்மாதான். உறுப்பினர் யாரும் இல்லை.

விசாரித்துப் பார்த்ததில், அம்மாவின் அளவுகோலுக்கு மருத்துவர்களிடமும் ஆதரவு இருக்கிறது. பேச்சுச் சோதனை என்கிறார்கள். பயிற்சி செய்யும்போது பேச முடிந்து, பாட முடியாவிட்டால் அது மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடும் உழைப்பு. வாரத்துக்கு மிதமானதில் 150 நிமிடமாவது, கடுமையானதில் 75 நிமிடமாவது செய்யச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதை அம்மாவிடம் சொன்னேன். "வாரத்துக்கா?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

இதய விஷயத்திலும் அவருக்குத் தனி ஆய்வு உண்டு. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்பவர் லண்டன் மாடிப் பேருந்துகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. இதை நான் பெருமையாக விளக்க, அம்மா வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, "கிராணிக்குத்தானே நெஞ்சு வலி வரும், இதுக்குப் பஸ் எதுக்கு" என்றார். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பத்து மணி நேரம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நான், பேச்சை மாற்றினேன்.

கலோரிக் கணக்கில் அம்மாவுக்கு ஆர்வம் இல்லை. அதை நானே பார்த்தேன். '30 நிமிடத்தில் 1000 கலோரி' என்று தலைப்புப் போடுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி எரிப்பார். நான் 80 கிலோ, அதனால் 80. அரை மணியில் 1000 என்றால் மணிக்கு 2000, அதாவது உட்கார்ந்திருப்பதைப்போல 25 மடங்கு. உலகத் தரத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களின் உச்சமே 23, 24 மடங்குக்குப் பக்கத்தில்தான். அதையும் சில நிமிடம்தான் தாங்குவார்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 10 மடங்கு. அரை மணிக்கு எனக்கு 400 கலோரி தேறும். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300. மீதி நூறுக்கு ஒரு முழுக் கிளாஸ் தே தாரேகூட வராது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று பசியே போய்விட்டது. சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

அடுத்தது தபாத்தா. இந்தப் பெயரில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. 1996-இல் ஜப்பானில் இசுமி தபாத்தா குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இருந்தது நின்ற இடத்துச் சைக்கிள். 20 விநாடி உயிரைக் கொடுத்து மிதி, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு முறை. மொத்தம் நாலு நிமிடம். அதற்கு மேல் மிதிக்க முடியாமல் ஆள் நின்றுபோக வேண்டும், அதுதான் அளவு. செய்தவர்கள் விளையாட்டுப் பழக்கமுள்ள இளைஞர்கள். இப்போதோ '40 நிமிடத் தபாத்தா' கிடைக்கிறது. நாலு நிமிடத்தில் சாக வேண்டியவன் நாற்பது நிமிடமும் சிரித்துக்கொண்டே இருக்கிறான் என்றால் அம்மா சொல்வதுதான் சரி. ஆற்றையே திருப்பி விட்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் பர்ப்பி. குந்து, கையை ஊன்று, காலைப் பின்னால் தள்ளு, இழு, எழுந்திரு. 1930-களில் ராயல் ஹடில்ஸ்டன் பர்ப்பி என்ற அமெரிக்கர் இதை உண்டாக்கியது பயிற்சிக்காக அல்ல, பரிசோதனைக்காக. நாலே நாலு முறை செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் நாடி பிடித்துப் பார்த்து, ஆள் எப்படி என்று கணிப்பது. குட்டிக்கரணம் தவிர மற்ற எல்லாவற்றையும் இப்போது இதில் சேர்த்துவிட்டார்கள், எண்ணிக்கையும் நூறு என்கிறார்கள். இது தண்ணி கலந்த கேஸ் இல்லை. பால் கெடாமலிருக்க ஊற்றுவார்களே அமோனியா, அதை டிரம்மோடு கவிழ்த்த கேஸ். நான் பர்ப்பியின் சொல்லை மதித்து நாலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குதிக்கும் வீடியோக்களுக்கு எங்கள் வீட்டில் தனிக் கருவி உண்டு. டிவி பக்கத்துக் கண்ணாடி அலமாரியில், பேரப்பிள்ளைகளின் கோப்பைகளுக்கு நடுவில், அம்மா தோட்டத்தை விட்டு வரும்போது எடுத்துவந்த ஒரு மங்கு இருக்கிறது. தடித்த கண்ணாடி, வாயில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும், உள்ளே பால் காய்ந்து காய்ந்து ஏறிய மஞ்சள் வளையம் எத்தனை முறை கழுவியும் போகவில்லை. அது ஒரு சில்வர் டம்ளரை ஒட்டினாற்போல் நிற்கும். நான் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதித்து இறங்கினால் 'கிணிங்' என்று ஒரு சத்தம் வரும். எழும்புவதுபோல் நடித்தால் வராது. அம்மா பெரும்பாலும் திரையைப் பார்ப்பதில்லை, அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். "மங்கு ஆடலயே" என்று குரல் வரும். கையில் கட்டியிருக்கும் கெடிகாரத்தைக்கூட ஏமாற்றியிருக்கிறேன், கையை மட்டும் வேகமாக ஆட்டினால் அது நம்பிவிடும். மங்கு நம்பாது.

தலைவர் மனதாரப் பாராட்டிய வீடியோக்களும் உண்டு. 2009-இல் வந்த இன்சானிட்டி, ஷான் டி நடத்தியது. அறுபது நாள் திட்டம். அதன் வார்ம் அப்பே மற்றவர்களின் முழுப் பயிற்சிக்குச் சமம். அதில் பின்னால் நிற்கும் கட்டுமஸ்தான பையன்கள் வியர்வை சொட்டச் சொட்டப் பாதியில் நிறுத்தி, முட்டியில் கை வைத்துக் குனிந்துவிடுவார்கள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது வேலை. பாரு, புள்ள தண்ணி குடிக்கப் போயிட்டான்." நானும் அந்தப் பையனோடு தண்ணி குடிக்கப் போனேன். அவன் திரும்பி வந்தான்.

இன்னொன்று லெஸ்லி சான்சோனின் நடை வீடியோ. நின்ற இடத்தில் நட, பக்கவாட்டில் வை, உதை, முட்டியைத் தூக்கு. அவ்வளவுதான் சங்கதி. கடினத்துக்கு இதில் என்ன வேலை என்று நான் தள்ளிவிடப் பார்த்தேன். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். எழுபதைத் தாண்டியவர். முட்டித் தூக்கலில் எனக்கு மூச்சு முட்டியது. அம்மா எதிர்வீட்டு மக்சிக்கின் மகள் கல்யாண விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்தார், ஒரு வாக்கியத்தையும் நடுவில் உடைக்காமல். பேச்சுச் சோதனைப்படி ஒரே வீடியோ எனக்குக் கடும் உழைப்பு, அவருக்குச் சும்மா. தலைப்பில் எழுதியிருக்கும் கடினம் யாருடைய கடினம் என்பதை அந்த வீடியோக்காரர்கள் எப்படி எழுத முடியும்?

இப்போதெல்லாம் நான் வீடியோ தேடும்போது முன்னால் நிற்பவரைப் பார்ப்பதில்லை. பின்வரிசையில் என் வயதுக்கு, என் வயிற்றுக்கு ஒருவர் நிற்கிறாரா என்று பார்ப்பேன். குளோயி திங்கின் வீடியோக்களில் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் குதிக்காத வடிவம் ஓடும். அந்தக் கட்டத்துக்குள்தான் என் குடித்தனம். வீட்டுக்காரிக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை. "ஏங்க, தமிழ்ப் பாட்டுக் குத்துக்கு ஆடுற வீடியோவா போடுங்க, கேட்கவாவது நல்லா இருக்கும்" என்கிறாள். போட்டோம். மங்கு மட்டும் இல்லை, அலமாரியே ஆடியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஒரு வீடியோவில் பயிற்சியாளர் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தார். விடாதே, விட்டுவிடாதே, இன்னும் பத்து, இன்னும் ஐந்து. அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"ஏன்டா, இவனுக்கு நாள் சம்பளமா, கிலோ கணக்கா?"

எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனைக்குக் காசு என்றேன்.

"அதான பாத்தேன். கிலோ கணக்கு. கத்தத்தான் செய்வான்" என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.