வரப்பை வெட்டப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, மனநோய் ஆராய்ச்சிக்குப் போறியாம்லா. சந்தோசம். கவலை எங்க முடியுது, நோய் எங்க ஆரம்பிக்குதுன்னு இத்தன வயசாகியும் எனக்குப் பிடிபடல. நீ கண்டுபிடிச்சா தாத்தாவுக்கும் ஒரு கடுதாசி போடு.

அமெரிக்க டாக்டர்மாரு டி.எஸ்.எம்.னு ஒரு தடிப் புத்தகம் வச்சிருக்காகளே, அதுல மனச்சோர்வுக்கு ஒம்பது அறிகுறி. ரெண்டு வாரம் அதுல அஞ்சு இருந்தா நீ நோயாளி. நாலுதான்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போ. தூக்கம் வராட்டாலும் அறிகுறி, எந்நேரமும் தூங்கினாலும் அறிகுறி. பசிக்காட்டாலும் கணக்கு, பானையக் காலி பண்ணினாலும் கணக்கு. ரெண்டு பேருக்கு ஒரே நோய்னு எழுதியிருப்பாக; ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரே ஒரு அறிகுறி மட்டும் இருந்தாலும் இருக்கலாம். அஞ்சும் அஞ்சும் பத்து, இருக்கது ஒம்பது. நீ பெரிய படிப்பு படிச்சவன், மிச்சத்த நீயே கணக்குப் போடு.

சிரிக்காதல. அவுக நோயப் பெட்டி பெட்டியாப் பிரிச்சது சும்மா இல்ல. 1970 வாக்குல ஒரே நோயாளி பேசுத படத்தப் போட்டுக் காட்டினா, நியூயார்க் டாக்டர் ஸ்கிசோஃப்ரினியாம்பாரு, லண்டன் டாக்டர் வேற பேரு சொல்லுவாரு. இந்தக் கூத்த நிறுத்தத்தான் ராபர்ட் ஸ்பிட்சர்ங்கிற டாக்டர் 1980-ல அந்தப் புத்தகத்து மூணாம் பதிப்புல வரிசையா விதி எழுதி வச்சாரு. விதி வந்தும் என்ன? அஞ்சாம் பதிப்புக்குச் சோதன வச்சுப் பாத்தாக. ரெண்டு டாக்டரும் அச்சா ஒத்துப்போனா 1, குருட்டாம்போக்குல ஒத்துப்போனா 0. மனச்சோர்வு வாங்கின மார்க்கு 0.28. நீ பத்தாங்கிளாசுல கணக்குல வாங்கினது தேவலல்லா?

அப்பந்தான் தாமஸ் இன்செல் வந்தாரு. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்துத் தலைவரு. 2013-ல அந்த அஞ்சாம் பதிப்பு வெளிவரப் போற நேரம் பாத்து, 'எங்க ஆராய்ச்சி இனிமே இந்தப் பெட்டிகள நம்பி நடக்காது'ன்னு போட்டாரு ஒரு போடு. பயம், ஆசை, ஞாபகம், தூக்கம்னு எல்லா மனுசனுக்கும் உள்ளதக் கொஞ்சத்துலேருந்து கூடுதல் வரைக்கும் அளந்து பாருங்கன்னாரு. அதுக்கு ஆர்டாக்னு பேரு. நியாயந்தான். வரப்பு மனுசன் போட்டது. மழத்தண்ணிக்கு உன் வயலு என் வயலுன்னு தெரியுமா? மனச்சோர்வும் பதட்டமும் ஒரே ஆளுகிட்ட சேந்து கெடக்கத நீயும் பாப்ப.

ஆனா வேடிக்கையக் கேளு. பெட்டிய ஒடைக்கப் போனவுக மொதக் காரியமா என்ன செஞ்சாக? ஒரு அட்டவணை போட்டாக. அதுல நூத்துக்கணக்குல கட்டம்! பத்தி வரிசையில மொத எடம் ஜீனுக்கு, அப்பறம் மூலக்கூறு, செல்லு, மூளைச் சுற்று, இப்பிடிப் போயி, நோயாளி தன் வாயால சொல்லுதது ஏழாவது பத்தி. வலிச்சவனுக்குக் கடைசிப் பந்தியில எல. அந்தப் பந்திக்கு ஆள் கூட்டின இன்செலும் 2015-ல கூகுள் கம்பெனிப் பக்கம் போயிட்டாரு.

2017-ல ஹைடாப்னு இன்னொரு கூட்டம் வந்துச்சு. இவுக மூளையிலேருந்து தொடங்கல. எந்த அறிகுறி எதோட சேந்து வருதுன்னு சனங்ககிட்டயே கேட்டு அடுக்கினாக. அது எனக்குக் கொஞ்சம் பிடிச்சிருக்கு.

இப்பம் தாத்தா சொல்லுதத முடிஞ்சு வச்சுக்கோ. ஆராய்ச்சியில தாராளமா வரப்ப வெட்டு, தண்ணி போற போக்கப் பாரு. ஆசுபத்திரியில ஒருத்தன் முன்னால வந்து ஒக்காந்தா, 'ஐயா, நீங்க 6.4-ல இருக்கீக'ன்னு சொல்லி அனுப்பிராத. மாத்திரை உண்டா இல்லயான்னு யாராவது சொல்லியாகணும். அதுக்கு எங்கயாவது ஒரு கோடு கிழிச்சாகணும். உலக சுகாதார நிறுவனத்து நோய்ப் பட்டியலு ஐ.சி.டி., 2022-ல நடைமுறைக்கு வந்த அதோட பதினோராம் பதிப்பப் பாரு. ஆளுமைக் கோளாறுக்கு இருந்த பழைய வகைகளக் கிட்டத்தட்ட பூராவும் கழிச்சுட்டு, லேசு, நடுத்தரம், கடுமைன்னு மூணு படி வச்சாக. அளவும் ஆச்சு, கோடும் ஆச்சு.

கோடு கிழி பேராண்டி. கிழிச்சது கடவுள் இல்ல, நீதான்னு மட்டும் மறந்துராத. நாலு அறிகுறியோட வந்தவன வெறுங்கையோட அனுப்பாத.