டப்பை வெல்டிங் வைத்து மூடிய பெருமகனாருக்கு

பெறுநர்: தலைமை வடிவமைப்பாளர், வாஷிங் மெஷின் பிரிவு. (நிறுவனத்தின் பெயர் எதற்கு? எல்லா மெஷின் முகப்பிலும் பளபளவென்றுதான் இருக்கிறது.)

பொருள்: பேரிங் ஒன்று மாற்றிக்கொள்ள அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வாரண்டி முடிந்த கையோடு எங்கள் வீட்டு ஃப்ரன்ட் லோடு மெஷின், துணி பிழியும்போது ஹெலிகாப்டர் இறங்குவதுபோல் இரையத் தொடங்கியது. தெருமுனை மெக்கானிக் வந்து டிரம்மைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார். "பேரிங் போச்சுக்கா. வாட்டர் சீல் தேஞ்சு தண்ணி உள்ள இறங்கியிருக்கு. கிரீஸெல்லாம் கழுவிட்டுப் போயிருக்கும். சில நூறு ரூபா சாமான்தான்" என்றார். பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், பேசாமல் டூல் பையை மூடினார். "டிரம்மைச் சுத்தி இருக்கிற டப்பை வெல்டிங் பண்ணி ஒட்டி வச்சிருக்காங்க. ஸ்க்ரூவே இல்லக்கா."

அடுத்து உங்கள் ஆளே சீருடையில் வந்தார். டப், டிரம் எல்லாம் சேர்த்து முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டுமாம். அதற்கு அவர் சொன்ன தொகையில் பாதி மெஷின் வாங்கலாம். மெஷினைத் திறக்கும் முன்பே போனில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரைத் திறந்து காட்டிய அவருடைய சுறுசுறுப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கூடவே, எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்று குற்றப்பத்திரிகையும் வாசித்தார். உப்பு இருப்பது உண்மைதான். விற்ற அன்று மட்டும் அது பன்னீராக இருந்ததா?

உங்கள் தாராளத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டாருக்கு 10 ஆண்டு வாரண்டி என்று பெரிய ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறீர்கள். மோட்டார் ஜம்மென்று இருக்கிறது, ஐயா. அது லேசில் கெடாது என்பது உங்களுக்கும் தெரியும். கெடுகிற பேரிங்குக்கும் கன்ட்ரோல் போர்டுக்கும் ஸ்டிக்கர் கிடையாது. போர்டின் மேல் ரெசின் ஊற்றி உறையவைத்திருக்கிறீர்கள். ஈரம் படாமல் காக்க என்பீர்கள்; ஒப்புக்கொள்கிறேன். சால்டரிங் அயர்னும் படாமல் காக்கிறதே!

கடையில் மெஷினுக்கு நட்சத்திரம் காட்டுகிறார்கள். அது மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் உரியது. எளிதாகப் பழுது பார்க்கலாம் என்பதற்கு நட்சத்திரம் எதுவும் இல்லை. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளமே திறந்தது. உரிமை இணையதளத்தில் இருக்கிறது, பேரிங் உங்கள் டப்புக்குள் இருக்கிறது.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி மெஷின் விற்பனைக்கு வந்த பிறகும் 10 ஆண்டுகள் உதிரிபாகம் கொடுத்தாக வேண்டும். கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். அந்த விதியிலும் பேரிங்கைத் தனியாகவோ, டிரம்மோடு சேர்த்தோ விற்கலாம் என்று ஒரு சந்து இருக்கிறது. உங்களுக்கு அது மனப்பாடமாக இருக்கும்.

என் அம்மா வீட்டில் செமி ஆட்டோமேட்டிக். குழாயைத் திறக்க, மூட ஆள் நிற்க வேண்டும், துவைத்த ஈரத்துணியை அள்ளிப் பிழியும் தொட்டியில் போட வேண்டும், இடுப்பு வலிக்கும். ஆனால் பெல்ட் அறுந்தால் பெல்ட், கெபாசிட்டர் போனால் கெபாசிட்டர், டைமர் போனால் டைமர். எல்லாம் தெருமுனைக் கடையில் கிடைக்கின்றன. துணி துவைத்து முடித்ததை அது போனுக்குச் சொல்லாது. பக்கத்து வீடு வரை கேட்கும்படி தானே கத்தும்.

ஆகவே, டப்பின் இரண்டு பாதியையும் ஸ்க்ரூ போட்டு மூடுமாறும், பேரிங்கையும் சீலையும் தனியாக விற்குமாறும், அவற்றின் விலையை மெஷின் விற்கும்போதே எழுதிக் கொடுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் யோசித்து முடிவெடுக்கும் வரை துணி காத்திராது என்பதால், செமி ஆட்டோமேட்டிக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் வாடிக்கையாளர்

நகல்: புது மெஷின் வாங்கப் போகும் அனைவருக்கும். டப் வெல்டிங்கா, ஸ்க்ரூவா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் உங்கள் தெரு மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப் போங்கள்.