முப்பதாவது மாடியில் பெரட்டு

கேஎல் சென்ட்ரலில் காலையில் கழுத்து அட்டையோடு ரயிலைவிட்டு இறங்கும் பிள்ளைகளைப் பார்த்து பிரிக்ஃபீல்ட்ஸ் அத்தைமார் கேட்பது ஒன்றுதான்: "பெரிய கம்பெனியாய்யா?" ஆமாம் என்றால் பெண் தேட ஆரம்பிக்கலாம்.

பெரிய கம்பெனி நமக்கென்ன புதிதா? தலைமையகம் லண்டனில், ரப்பர் தோட்டம் கிள்ளானில். தாத்தா அந்தக் காலத்திலேயே பன்னாட்டு நிறுவன ஊழியர். குடியிருக்க லயம், காய்ச்சலுக்கு டிரெஸ்ஸர், விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் பெரட்டு. பேரனுக்கும் பெரட்டு உண்டு. ஏர்கண்டிஷன் அறையில், டீம் லீடர் முன்னால், நின்றபடி.

லாபம் இல்லாமலில்லை. ஐயாயிரம் ரிங்கிட் வரை வாங்குபவருக்கு முதலாளி பங்காக இபிஎஃப் சேமநிதியில் 13 விழுக்காடு விழுகிறது. சட்டப்படி மளிகைக்கடை முதலாளியும் அதையேதான் போடவேண்டும். பெரிய கம்பெனி மறக்காமல் போடும், அவ்வளவே. நிரந்தர வேலையா? 2025 ஜூனில் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸே சுமார் பத்து விழுக்காடு ஆட்களைக் குறைப்பதாக அறிவித்தது. அத்தைமார் அந்தச் செய்தியை இன்னும் நம்பவில்லை.

தாத்தா காலத்தில், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் சம்பளத்தோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லக்கூடாது. அதற்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின.

இப்போது யாரும் இறங்க வேண்டியதில்லை. மேலதிகாரியின் கார் லிஃப்ட் வாசலில் நிற்கும். நம்முடையது நாலாவது பேஸ்மென்ட்டில், மாத வாடகைக்கு.