பேப்பரா, பக்கத்து வீடா?

கேள்வி: மக்கள் மனதை மாற்றுவது பேப்பரும் டி.வி.யுமா, பக்கத்து வீட்டுக்காரரா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனால் பேப்பரை முதலில் படித்துவிட்டு வருபவரும் அவரே!

1940-ல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய தேர்தல். ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டின் குழு 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் சந்தித்து, பிரசாரம் அவர்களை என்ன செய்கிறது என்று பார்த்தது. கட்சி விட்டுக் கட்சி தாவியவர்கள் சுமார் 8 சதவீதம்தான். ஊசலாடியவர்களை வானொலியைவிட வீட்டாரும் நண்பர்களும் கூட வேலை பார்ப்பவர்களுமே அதிகம் அசைத்தார்கள். செய்தியை ஊன்றிக் கவனித்து மற்றவர்களுக்கு எடுத்துச்சொல்ல ஒவ்வொரு வட்டத்திலும் சிலர் இருந்தார்கள்.

2010-ல் ஃபேஸ்புக்கிலும் இதே கதை. அமெரிக்கத் தேர்தல் நாளன்று சுமார் 6 கோடிப் பேருக்கு 'இன்று ஓட்டுப்போடும் நாள்' என்ற நினைவூட்டல் போனது. கூடவே, ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் குட்டிப் படங்கள். முகங்கள் இல்லாமல் வெறும் நினைவூட்டலைப் பார்த்த தனிக் குழுவில் ஓட்டுப்பதிவு கூடவே இல்லை. முகங்களைப் பார்த்தவர்களிடம் கொஞ்சம் கூடியது. அவர்களின் நெருங்கிய நண்பர்கள் வரை அது பரவியது.

தெரிந்த முகத்தின் மீதுள்ள அந்த நம்பிக்கையில்தான் வதந்தியும் சவாரி செய்கிறது. 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் இந்தியாவில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும். பிறகுதான் ஒரு தகவலை 5 சாட்டுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. அந்தக் கட்டுப்பாடு முன்பே வந்திருக்க வேண்டும்.